பக்கத்து வீட்டு ரிப்பேருக்கு எவ்வளவு வாங்கலாம்?

அபார்ட்மென்டில் ஒருவருக்கு ஃபேனைச் சரிசெய்து கொடுத்தால் போதும், அடுத்த வாரமே மூன்றாவது மாடியிலிருந்து கிரைண்டர் இறங்கி வரும். பெங்களூரில் நம்மவர்கள் வீட்டு மாவு கிரைண்டருக்கு ஓய்வே கிடையாது. வேலை தெரியும், காசு கேட்கத்தான் வாய் வரவில்லை என்பவர்களுக்காக இந்தக் கணக்கு.

1. திறப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்

"அக்கா, திறந்து பார்க்கிறேன். பார்ட்ஸ் மாற்ற வேண்டியிருந்தால் எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன்." இவ்வளவு போதும். வேலை முடிந்த பிறகு "உங்க இஷ்டம், பார்த்துக் கொடுங்க" என்பது மட்டும் வேண்டாம். அவர் 50 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கு மனக்கசப்பு. 500 கொடுத்தால் அவருக்கு.

2. பொருளையும் கூலியையும் பிரியுங்கள்

டேபிள் டாப் கிரைண்டரில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கல் மட்டும் சுற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்து, அடி மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கும். பெல்ட் தேய்ந்து உதிர்ந்த ரப்பர் அது. புது பெல்ட், சிக்பேட்டை பக்கம் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில்லோடு அந்த 180-ஐ அப்படியே வாங்குங்கள். அதில் லாபமும் வைக்காதீர்கள், தள்ளுபடியும் தராதீர்கள். அக்கம்பக்கம் என்பதற்காகக் குறைப்பதையெல்லாம் கூலியில்தான் குறைக்க வேண்டும்.

அந்த பெல்ட்டுக்காகவே சிக்பேட்டை மெட்ரோவில் போய் வந்தீர்களா? டிக்கெட் காசைச் சேர்த்துக்கொள்ளலாம். வேறு வேலையாகப் போனபோது வாங்கியது என்றால் விட்டுவிடுங்கள்.

3. கூலிக் கணக்கு

உங்கள் ஏரியா எலக்ட்ரீஷியனின் நாள் கூலியை விசாரியுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 1,000 ரூபாய் என்றால் மணிக்கு 125. ஆனால் அது நாள் முழுக்க வேலை கிடைக்கிறவருடைய கணக்கு. சில்லறை வேலைக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 190 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். 180 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே காய்ந்துபோன மாவைச் சுரண்டி, பெல்ட் மாட்டி, ஓட்டிப் பார்க்க ஒன்றரை மணி நேரம், 270 ஆகிறது. தெரிந்தவர்கள் என்று 200 வாங்கலாம். பெல்ட்டோடு மொத்தம் 380. சொல்லும்போது, "பெல்ட் 180, கூலி 270, உங்களுக்குக் கூலி 200 போதும், மொத்தம் 380" என்று உடைத்தே சொல்லுங்கள். நீங்கள் குறைத்திருப்பது அவருக்கும் தெரியட்டும்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதே வேலை மூன்று மணி நேரம் இழுக்கும். அந்தக் கூடுதல் நேரம் உங்கள் படிப்புச் செலவு, அதை அக்கா தலையில் கட்டாதீர்கள்.

4. பத்து நிமிட வேலை

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் (மோட்டார் சுற்ற உதவும் சின்னப் பாகம்) காரணம். பழையதில் 2.5 மைக்ரோஃபேரட் என்று அச்சிட்டிருந்தால் அதே அளவில் வாங்கி மாட்டினால் ஃபேன் பழையபடி ஓடும். நேரத்தை மட்டும் பார்த்தால் கூலி 30 ரூபாய்தான். ஆனால் மெயினை அணைத்து, ஏணி போட்டு ஏறி, கோளாறு எது என்று கண்டுபிடித்ததற்கும் விலை உண்டு. எவ்வளவு சின்ன வேலையானாலும் 100 ரூபாய் என்று ஒரு குறைந்தபட்சக் கூலி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ ஒன்றை முறுக்கிவிடுவதற்கெல்லாம் கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் அடுத்த நாள் லிஃப்டில் முகம் பார்க்க முடியாது.

5. சரியாகவில்லை என்றால்

பார்ட்ஸ் காசு, கூலி இரண்டுமே வேண்டாம். மாட்டியதைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தொடும் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களிடம் நான் பொருள் காசு மட்டும்தான் வாங்குவேன். "எஷ்டாயித்து?" (எவ்வளவு ஆச்சு?) என்று கேட்கும் கீழ்வீட்டுக் கன்னடக்காரருக்கும் தமிழ் அக்காவுக்கும் ஒரே விலைதான். காசுக்குப் பதில் ஒரு டப்பா இட்லி மாவு வந்தால் மறுக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

கடைசியாக, கழற்றிய பழைய பெல்ட்டை பில்லோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் அதே பெல்ட் நழுவினால் கூலி இல்லாமல் பார்த்துத் தருவதாகவும், வேறு கோளாறு என்றால் தனிக் கணக்கு என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.