அமெரிக்கக் குடியேற்றவாசிகள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள்: வரலாற்று வினாவுக்கு விடை எழுதும் முறை

கொழும்பில் தமிழ் மொழிமூலம் வரலாறு கற்கும் மாணவர்களின் விடைத்தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். அமெரிக்க சுதந்திரப் போரின் காரணங்களைக் கேட்கும் வினாவுக்கு வரும் விடைகளில் பெரும்பாலானவை, பிரித்தானியா தாங்க முடியாத வரிகளை விதித்ததால் மக்கள் கிளர்ந்தெழுந்தனர் என்றே தொடங்குகின்றன. இப்படித் தொடங்கிவிட்டால், பின்னால் வரும் சட்டங்களும் ஆண்டுகளும் எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தடம் மாறிவிடும். அந்த 13 குடியேற்றங்களில் வாழ்ந்தவர்கள் இங்கிலாந்தில் வாழ்ந்தவர்களைவிட மிகக் குறைவாகவே வரி செலுத்தினார்கள். தங்கள் மீது வரி விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு, தங்கள் பிரதிநிதிகள் இல்லாத பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கா, தாங்கள் தெரிவுசெய்த சபைகளுக்கா என்பதுதான் அவர்கள் எழுப்பிய வழக்கு. உங்கள் விடையின் ஒவ்வொரு பந்தியும் இந்த வழக்கோடு தொடர்புபட வேண்டும்.

எழுதத் தொடங்குமுன் ‘குடியேற்றவாசி’ என்ற சொல்லை மனதில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் மாணவர்கள் 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியைப் படித்தவர்கள். நாய் வரி, துப்பாக்கி வரி, வீதி வேலைச் சட்டம் ஆகியவற்றுக்கு எதிராக எழுந்தவர்கள் இந்த மண்ணின் மக்கள். அவர்கள் தெரிவுசெய்த சட்டம் இயற்றும் சபை எதுவும் இருக்கவில்லை. அமெரிக்காவில் கிளர்ந்தெழுந்தவர்களோ பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்து சென்று குடியேறியவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் ஆவர். வேர்ஜீனியாவில் 1619 ஆம் ஆண்டிலேயே தெரிவுசெய்யப்பட்ட சபை கூடிவிட்டது. உள்ளூர் வரியைத் தாங்களே தீர்மானித்து ஏறத்தாழ 150 ஆண்டுகள் பழகியவர்கள், ஆங்கிலேயருக்குரிய உரிமை தங்களுக்கும் உண்டு என்று உறுதியாக நம்பினார்கள். நெடுங்காலம் கையிலிருந்த ஒன்று பறிபோகிறது என்ற அச்சமே அவர்களை எழச் செய்தது.

அடுத்து, 1763 ஆம் ஆண்டை விடையின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சுடனான ஏழாண்டுப் போர் அவ்வாண்டு முடிந்தபோது பிரித்தானியாவின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட படைக்கும் பணம் தேவைப்பட்டது. மறுபுறம், கனடாவிலிருந்து பிரெஞ்சு ஆட்சி அகன்றதால் குடியேற்றவாசிகளுக்குப் பேரரசின் பாதுகாப்பு முன்போல் தேவைப்படவில்லை. இவ்விரண்டும் ஒரே வேளையில் நிகழ்ந்தன என்பதை எடுத்துக்காட்டும் மாணவர் மிகக் குறைவு. அதே ஆண்டு அக்டோபரில், அப்பலேச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று மன்னர் பிறப்பித்த பிரகடனம், நிலத்தை எதிர்பார்த்திருந்தவர்களின் மனக்கசப்பைக் கூட்டியது.

சட்டங்களை எழுதும்போது வெறும் பட்டியலாக அடுக்காதீர்கள். ஒவ்வொன்றும் உரிமை வழக்கை எப்படி ஒரு படி முன்னே தள்ளியது என்று சொல்லுங்கள். 1764 ஆம் ஆண்டுச் சீனிச் சட்டம் சர்க்கரைப்பாகு மீதான தீர்வையை ஒரு கலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது. குறைந்த வரிக்கே எதிர்ப்பு எழுந்தது ஏன்? அதுவரை பெயருக்கு இருந்த தீர்வையைக் கண்டிப்பாக வசூலிக்கத் தொடங்கினார்கள். அதனைத் தவிர்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை யூரிகள் இல்லாத நீதிமன்றங்களில் விசாரிக்கவும் வழி செய்தார்கள்.

1765 ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தைப் பற்றி எழுதும் மாணவர் பலர் தபால் முத்திரையை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். ஒட்டும் தபால் முத்திரை 1840 இல்தான் உலகுக்கு வந்தது. 1765 இன் முத்திரை காகிதத்திலேயே அழுத்திப் பதிக்கப்பட்ட ஓர் அடையாளம்; பத்திரிகை, உறுதி, உரிமப் பத்திரம், கப்பலின் சரக்குப் பத்திரம், விளையாட்டுச் சீட்டுக்கட்டு என எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டியிருந்தது. வரியால் நேரடியாகத் தாக்கப்பட்டவர்கள் அச்சகத்தாரும் சட்டத்தரணிகளும் வணிகர்களும் என்பதைக் கவனியுங்கள்: எழுதவும் வாதாடவும் ஊருக்கு ஊர் செய்தி அனுப்பவும் தெரிந்தவர்களையே பாராளுமன்றம் ஒரே நாளில் பகைத்துக்கொண்டது. 9 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயோர்க்கில் கூடினார்கள். மறு ஆண்டு சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எவ்விடயத்திலும் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று பாராளுமன்றம் அதே வேளையில் பிரகடனமும் செய்தது. வரி போயிற்று, வழக்கு நின்றது.

தேயிலை, கண்ணாடி, காகிதம் முதலிய இறக்குமதிகள் மீது 1767 இல் விதிக்கப்பட்ட டவுன்செண்ட் தீர்வைகளை ஓரிரு வாக்கியங்களில் கடந்து, தேயிலைக்கு வாருங்கள். கொழும்பு மாணவர் சிலர் பொஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது இலங்கைத் தேயிலை என்று எழுதியதைக் கண்டிருக்கிறேன். அது சீனத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்டது 1867 இல். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பொஸ்டனில் பெட்டிகள் கடலில் விழுந்துவிட்டன. அப்போது கொழும்பு ஒல்லாந்தக் கம்பனியின் ஆட்சியில் இருந்தது. இன்றும் நிற்கும் வொல்வெண்டால் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டு 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. 1773 ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலையை, ஒல்லாந்தரிடமிருந்து கடத்தி வரப்பட்ட தேயிலையோடு போட்டியிடும் அளவுக்கு மலிவாக்கியது; ஆனால் ஓர் இறாத்தலுக்கு 3 பென்ஸ் தீர்வை அப்படியே இருந்தது. மலிவான தேயிலையை வாங்கிக் குடித்தால் பாராளுமன்றத்தின் உரிமையையும் சேர்த்து விழுங்கியதாகும் என்று பொஸ்டன் வாசிகள் கருதினர். கப்பல்களைத் திருப்பி அனுப்ப ஆளுநர் இணங்கவில்லை. 20 நாட்களுக்குள் தீர்வை செலுத்தாவிட்டால் சுங்கத்தினர் சரக்கைக் கைப்பற்றலாம். முதற் கப்பலின் தவணை முடிவதற்கு முதல் நாளான டிசம்பர் 16 அன்று இரவு, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. வரி கூடியதால் அல்ல, விலை குறைந்தபோதே இது நடந்தது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்; உங்கள் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

இனி, கிளர்ச்சியையும் தேச உருவாக்கத்தையும் பிரித்து எழுத வேண்டும். பொஸ்டன் துறைமுகத்தை மூடியும் மசாசூசெற்ஸ் குடியேற்றத்தின் ஆட்சிமுறையை மாற்றியும் 1774 இல் பிரித்தானியா தண்டித்தபோது, இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கு என்று ஏனைய குடியேற்றங்கள் அஞ்சின. செப்டெம்பரில் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். அப்போதும் அவர்கள் பிரிவினையைக் கேட்கவில்லை. 1775 ஏப்ரலில் துப்பாக்கிகள் வெடித்த பின்னரும் யூலையில் மன்னருக்கு மனு அனுப்பினார்கள்; மூன்றாம் ஜோர்ஜ் அதை ஏற்காமல் அவர்களைக் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தார். 1776 யூலை 4 ஆம் திகதிப் பிரகடனத்தின் குற்றச்சாட்டுகள் மன்னரையே நோக்கியிருப்பதற்கு இதுவே காரணம்: பாராளுமன்றத்தின் அதிகாரத்தை முன்னரே மறுத்துவிட்டவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே பிணைப்பு முடி மட்டுமே.

பெரும்பாலான விடைகள் 1776 இல் நின்றுவிடுகின்றன. அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. 1781 இல் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டமைப்பு யாப்பின் கீழ் மத்திய சபையான காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே வழங்கப்படவில்லை. போர்வீரருக்குரிய சம்பளத்தைக்கூட ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. 1786 இல் மசாசூசெற்ஸ் விவசாயிகள் கடனுக்கும் வரிக்கும் எதிராகத் தங்கள் சொந்த அரசை எதிர்த்தே ஆயுதம் ஏந்தினார்கள். 1787 இல் வரையப்பட்ட அரசியலமைப்பு, மக்கள் தெரிவுசெய்யும் சபையிலிருந்தே வரிச் சட்டம் தொடங்க வேண்டும் என்று விதித்தது. தொடக்கத்தில் எழுந்த வழக்குக்கு இங்கேதான் தீர்ப்புக் கிடைத்தது.

நேரமிருந்தால் உங்கள் காரணங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். அதே பாராளுமன்றத்தின் முத்திரைச் சட்டம் கரீபியன் கடலிலிருந்த பிரித்தானியக் குடியேற்றமான ஜமேக்காவுக்கும் பொருந்தியது. ஜமேக்கா ஏன் பிரியவில்லை? அங்கே அடிமைகளின் தொகை எசமானர்களின் தொகையைவிடப் பன்மடங்கு அதிகம். தோட்ட உரிமையாளருக்குப் பிரித்தானியப் படையின் காவலும் பிரித்தானியச் சீனிச் சந்தையும் இன்றியமையாதவையாக இருந்தன. மனக்குறை மட்டும் போதாது, பேரரசின்றி வாழ முடியும் என்ற நிலையும் வேண்டும் என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

எழுதி முடித்ததும் விடையில் ‘மக்கள்’ என்று எழுதிய ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். குடியேற்றங்களின் சனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆபிரிக்கர். மலைக்கு அப்பால் இருந்த நிலம் பூர்வகுடிகளுடையது. மன்னருக்கு விசுவாசமாக இருந்து பின்னர் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் பல்லாயிரக்கணக்கானோர். வட்டமிட்ட ஒவ்வொரு சொல்லையும் வெட்டிவிட்டு, வணிகர், அச்சகத்தார், விவசாயிகள், தோட்ட உரிமையாளர் என்று நீங்கள் உண்மையில் குறித்தவர்களின் பெயரை அதன் மேலே எழுதுங்கள்.