போர்டு கேம் விழாவில் புது விளையாட்டு பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன முறை பெங்களூரில் நடந்த போர்டு கேம் விழாவுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லாரும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் விளையாடுகிறவர்கள். நான்கு பேருக்கு அதுதான் முதல் விழா. விடிவதற்குள் பஸ் ஏறி, ஓசூரும் அத்திப்பள்ளி நெரிசலும் தாண்டி, கதவு திறக்கும் நேரத்துக்கு அரங்கத்தில் இருந்தோம். பதினோரு மணி இருக்கும். கூட வந்த கல்லூரித் தம்பி ஒருவன் ஒரு மேசைப் பக்கத்தில் நின்று, பணம் அனுப்பப் போனைத் திறந்துகொண்டிருந்தான். அடுத்த வருடம் வெளிவரப்போகும் விளையாட்டு அது. இருபது நிமிடம் விளையாடியிருக்கிறான். முன்பதிவுக்கு ஏழாயிரம் ரூபாய்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருடம் முன்னால் அதே மாதிரி ஒரு மேசைக்குப் பக்கத்தில் அதே மாதிரி நின்றவன் நான்.

தண்ணீர் பாட்டில், சார்ஜர், சீக்கிரம் போய் வரிசையில் நிற்பது இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணமும் நாளும் வீணாகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

டெமோவையே விளையாட்டு என்று நம்புவது

அன்றைக்கு நான் உட்கார்ந்தது நான்கு பேர் ஒரே அணியாகச் சேர்ந்து எதிரிகளை விரட்டும் விளையாட்டு. இன்னும் அச்சாகவில்லை, மாதிரிப் பெட்டிதான். மேசைக்குத் தலைமாட்டில் ஒருவர் நின்று நடத்தினார். அவருடைய கைகள் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரிகளின் சீட்டுக்கட்டைக் கலைத்தார், எந்தப் பொம்மை எத்தனை கட்டம் நகரும் என்று மனதிலேயே கணக்குப் போட்டு நகர்த்தினார், காயத்துக்கான சிவப்பு வில்லைகளை எடுத்து வைத்தார், "இப்ப உங்க முறை, அடிக்கலாம்" என்றார். நாங்கள் பகடையை உருட்டினோம், கத்தினோம். இருபத்தைந்து நிமிடம் போனதே தெரியவில்லை.

கூட்டு நிதி முறையில், அதாவது தயாரிப்பதற்கு முன்பே பலரிடம் பணம் வாங்கி, விற்றார்கள். கூடுதல் பொம்மைகளோடு சேர்த்துப் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினேன். பதினான்கு மாதத்தில் வரும் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து வந்தது. சுங்க வரி, கூரியர் என்று வாசலில் வைத்து இன்னொரு மூவாயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டார்கள். கட்டும்போது அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது பெட்டியைத் திறந்த பிறகு நடந்ததுதான். நாற்பத்துச் சொச்சம் பக்க விதிப் புத்தகம். மேசைக்குத் தலைமாட்டில் நின்றவர் சத்தமில்லாமல் செய்த வேலை மொத்தமும் இப்போது என் தலையில். எதிரிகளின் முறை ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகள். ஒரு படியை மறந்தால் பின்னால் போய்ச் சரிசெய்ய வேண்டும். முதல் ஞாயிறு இரண்டரை மணி நேரம் ஆகியும் மூன்றாவது சுற்றைத் தாண்டவில்லை. எதிரில் இருந்தவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாதியில் எழுந்த என் சித்தி, "நீயே படிச்சுக்கிட்டு இருக்கியே, நாங்க எப்பப்பா ஆடுறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மொத்தம் இரண்டு தடவைதான் அது மேசைக்கு வந்தது.

நமக்குத் தாயத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், வெட்டினால் இன்னொரு ஆட்டம் என்பதெல்லாம் படிந்துவிட்டது. ஆடுபுலியும் பல்லாங்குழியும் அப்படித்தான். புது விளையாட்டு அப்படி வராது. ஊரிலேயே அதன் ஒரே பிரதி உங்களிடம்தான் இருக்கும், விதி தெரிந்த ஒரே ஆளும் நீங்கள்தான். அதனால் விழா மேசையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை வீட்டில் நடத்தப்போவது யார் என்பது.

இப்போது நான் உட்கார்ந்து இரண்டாவது சுற்று வந்ததும், "எதிரிகளின் முறையை நான் நடத்தட்டுமா?" என்று கேட்டுவிடுகிறேன். நடத்துபவர் பக்கத்தில் இருக்கட்டும், கையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்தில் விளையாட்டின் உண்மையான எடை கையில் தெரிந்துவிடும். அப்புறம் விதிப் புத்தகத்தை வாங்கி, மேசையை அடுக்கும் பக்கத்தை மட்டும் படிப்பேன். அந்த ஒரு பக்கம் புரியவில்லை என்றால் மீதிப் பக்கங்களும் அப்படித்தான் இருக்கும். புத்தகம் இன்னும் எழுதி முடியவில்லை என்றால் விளையாட்டும் முடியவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் கேட்பேன்: கடைசி இரண்டு சுற்று எப்படி இருக்கும் என்று காட்டச் சொல்வேன். டெமோவில் காட்டுவது எப்போதும் ஆரம்பம். எல்லாருக்கும் ஏதோ கிடைத்துக்கொண்டே இருக்கும், யாரும் தோற்றிருக்க மாட்டார்கள். ஆட்டம் இழுக்கிறதா, ஒருவர் முன்னால் போய்விட்டால் மற்றவர்களுக்குச் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது முடிவில்தான் தெரியும். கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தன் விளையாட்டில் நம்பிக்கை உள்ளவர் சந்தோஷமாகவே அடுக்கிக் காட்டுவார்.

கூட்டு நிதி பற்றியும் ஒரு வார்த்தை. 2009இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதி இணையதளம் வந்த பிறகு நிறைய விளையாட்டுகள் இப்படித்தான் உருவாகின்றன. நல்லவையும் வந்திருக்கின்றன. சுமார் பத்துக் கிலோ எடையுள்ள கிளூம்ஹேவன் அப்படி வந்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. ஆனால் அங்கே நீங்கள் பொருள் வாங்கவில்லை, ஒரு முயற்சிக்குப் பணம் தருகிறீர்கள். தளம் உங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தராது. அனுப்புவது, வரி, தாமதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் கட்டத் தோன்றினால் கட்டுங்கள்.

முன்பதிவுச் சலுகை "இன்னிக்கு மட்டும்"

ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் வந்த இருபது பெயர்ப் பட்டியல்

ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் 1983 முதல் ஷ்பீல் என்ற கண்காட்சி நடக்கிறது. இப்போது அக்டோபரில் நான்கு நாள். நூற்றுக்கணக்கான புது விளையாட்டுகள் அங்கே வெளியாகின்றன. அதற்காக எழுதப்படும் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வருகிறார்கள். அதில் பாதி இங்கே வந்திருக்காது. வந்திருப்பதைத் தேடி அலைவதிலேயே மத்தியானம் ஆகிவிடும். மூன்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள், மீதி நேரத்துக்குக் காலியாக இருக்கும் மேசையில் உட்காருங்கள். உள்ளூர் வடிவமைப்பாளர்கள் மாதிரியோடு காத்திருப்பது பெரும்பாலும் அந்த ஓர மேசைகளில்தான்.

அட்டை முழுக்க எழுத்து

இதை நம் ஊர்க்காரர்கள் யோசிக்காமல் விடுகிறார்கள், எனக்கு ஆதங்கம். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதில் ஒருவர்தான் எங்களில் மிகச் சிறந்த ஆட்டக்காரர். மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறார், ஆடுபுலியில் அவரை ஜெயித்தவர்கள் குறைவு. அவருக்கு அசூல் விளையாட்டை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தேன். 2018இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது வாங்கியது அது. ஓடுகளில் நிறமும் கோலமும்தான், எழுத்தே கிடையாது. இரண்டாவது ஆட்டத்திலேயே எங்களைத் தோற்கடித்தார். கார்காசோனும் அப்படித்தான், ஓடுகளைப் பார்த்தால் போதும்.

விங்ஸ்பேன் அருமையான விளையாட்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் 170 பறவை அட்டைகள். பெரும்பாலானவற்றில் அந்தப் பறவை என்ன செய்யும் என்பது ஆங்கிலத்தில் இருக்கிறது. அவருக்கு ஒவ்வொரு அட்டையையும் காதில் படித்துச் சொன்னால் கையில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர் இரண்டு சுற்று விளையாடிவிட்டு, "நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த ஞாயிறு எனக்கு மனசே சரியில்லை. இப்போது விழாவில் எந்தப் புது விளையாட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் பத்து அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, படம் பேசுகிறதா, எழுத்து பேசுகிறதா என்று பார்க்கிறேன். எழுத்து இருந்தாலும் அட்டை எல்லாருக்கும் முன்னால் விரித்து வைக்கப்படுவதாக இருந்தால் சமாளிக்கலாம். கையில் மறைத்து வைப்பது என்றால் வாங்குவதில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் ஆள் கணக்கும் நேரமும்

"1–4 பேர், 60 நிமிடம்" என்று இருந்தால் அது எல்லாருக்கும் விதி தெரிந்த மேசைக்கான நேரம். சொல்லித்தரும் நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். விழாவில் உங்களை நான்கு பேராக உட்கார வைப்பார்கள். வீட்டில் நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் இரண்டு பேராக ஒரு தடவை ஆடிப் பாருங்கள். சில விளையாட்டுகள் இரண்டு பேருக்குச் செத்துப்போகும். எங்கள் பக்கம் மாம்பழ சீசனில் ஆலைக்குப் போகிறவர்களும் மண்டிக்குப் போகிறவர்களும் ஞாயிறுகூட வர முடியாது. அந்த இரண்டு மாதம் மூன்று பேர்தான். மூன்று பேருக்கு நன்றாக ஓடாத எதையும் குழுப் பணத்தில் வாங்குவதில்லை என்று முடிவு எடுத்திருக்கிறோம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரிய ஆட்டத்தில் உட்காருவது

கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

"சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது

மாதிரி விளையாட்டோடு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வார்த்தையால் ஒரு பிரயோசனமும் இல்லை. எந்த இடத்தில் உங்களுக்குக் கவனம் சிதறியது, எந்த விதியை இரண்டு தடவை கேட்டீர்கள், எப்போது இனி ஜெயிக்க முடியாது என்று தோன்றியது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். திருத்தும் வழியை நீங்கள் சொல்ல வேண்டாம், அது அவர் வேலை. அச்சாவதற்கு முன்னால் சொன்னால்தான் அவரால் மாற்ற முடியும்.

அந்தக் கல்லூரித் தம்பியை அன்றைக்குத் தோளைத் தொட்டு நிறுத்தினேன். "அண்ணா, சலுகை போயிடும்" என்றான். சரி, ஒரு தடவை நீ நடத்து, அப்புறம் கட்டு என்றேன். விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு எங்கள் மூன்று பேருக்கு அவனே நடத்தினான். முக்கால் மணி நேரம் ஆனது, இரண்டு இடத்தில் தடுமாறினான். முடிவில் வடிவமைப்பாளரிடம் போய், புள்ளி எண்ணும் பக்கம் புரியவில்லை என்று சொன்னான். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். தம்பி அன்று பணம் கட்டவில்லை. அச்சான பெட்டி கடைக்கு வந்ததும் இன்னொரு தடவை ஆடிப் பார்க்கப்போகிறானாம்.