அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணங்களை எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் வரலாற்று விடைத்தாள்களைத் திருத்துவது என் வேலை. இந்தக் கேள்வி வந்தால் போதும், இருபது வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகள் வந்து நிற்கின்றன. ஆண்டை மாற்றி எழுதுவது, பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸை முன்னாள் அதிபர் தாமஸ் ஜெபர்சன் என்று குழப்புவது எல்லாம் இரண்டு முறை படித்தால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"மாநில உரிமைக்கான போர்" என்று எழுதுவது

இது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. ஒரு மாதிரித் தேர்வில் நானும் மாநில உரிமை பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அடிமைமுறைக்கு ஒரே ஒரு பத்தி கொடுத்தேன். ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "எதைச் செய்யும் உரிமை?" அதற்குப் பதில் தேடப் போய்த்தான், பிரிந்துபோன மாநிலங்களின் அறிக்கைகளையே எடுத்து வாசித்தேன்.

தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்தது. அதன் அறிக்கையில் உள்ள பெரிய புகார் என்ன தெரியுமா? தப்பியோடிய அடிமைகளை வடமாநிலங்கள் திருப்பித் தருவதில்லை, அதற்கு எதிராகச் சொந்தமாகச் சட்டம் போடுகின்றன என்பதுதான். அதாவது, வடமாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதே தெற்கின் கண்ணில் குற்றம். தப்பியோடியவர்களை வடக்கே போய்ப் பிடிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தந்த 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேட்டு வாங்கியதும் தெற்குதான். மிசிசிப்பி தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

அப்புறம் "மாநில உரிமை" எங்கிருந்து முதலிடத்துக்கு வந்தது? போரில் தோற்ற பிறகு ஸ்டீபன்ஸும் டேவிஸும் எழுதிய விளக்கங்களில் அடிமைமுறை பின்னுக்குப் போய், அரசியலமைப்பு வாதம் முன்னுக்கு வந்தது. நான் மனப்பாடம் செய்த நோட்ஸிலும் அதுவே இருந்தது. 1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர். அத்தனை பேரையும் ஒரு துணைத்தலைப்புக்குள் அடைத்துவிட்டு மேலே போகும் விடைத்தாளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சுங்கவரியை முதல் காரணமாக்குவது

வரியை உயர்த்திய மோரில் சட்டம் நிறைவேறியது 1861 மார்ச்சில். அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன.

லிங்கன் அடிமைமுறையை ஒழிக்கவே போரைத் தொடங்கினார் என்பது

இல்லை, மாநிலங்களின் ஒன்றியம் உடையாமல் காக்க. விடுதலைப் பிரகடனம் வந்தது 1863 ஜனவரி 1 அன்று.

தலைவர்களை மறந்துவிடுவது

அடிமைமுறைதான் காரணம் என்று சரியாகப் பிடித்தவர்கள்கூட, போர் தானாகவே வந்துவிட்டதுபோல எழுதுகிறார்கள். புதிய பகுதிகளில் அடிமைமுறை எதுவரை போகலாம் என்று 1820-ல் போட்ட கோடு 34 வருடங்கள் நின்றது. 1854-ல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், அந்த முடிவை அங்கே குடியேறுபவர்களிடமே விட்ட கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தால் அதை அழித்தார். கான்சாஸில் ரத்தம் சிந்தியது, குடியரசுக் கட்சி பிறந்தது. அடுத்து, லிங்கனுக்கு முன் அதிபராக இருந்த ஜேம்ஸ் புக்கானன். பதவியேற்கும் முன்பே உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதி, தன் விடுதலைக்காக அடிமை ஒருவர் தொடுத்த ட்ரெட் ஸ்காட் வழக்கில் தெற்குக்குச் சாதகமான பெரும்பான்மையோடு சேரச் சொன்னார். பிறகு 1860 டிசம்பரில், பிரிந்துபோவது சட்டவிரோதம், ஆனால் அதைத் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தார்.

லிங்கனும் முடிவெடுத்தார். அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவுவதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது என்று தன் கட்சிக்காரர்களுக்கு எழுதினார். தென் கரோலினாவில் மத்திய அரசின் படை இருந்த சம்டர் கோட்டைக்கு உணவு அனுப்பினார். அந்தக் கப்பல்கள் உதவும் முன் கோட்டையைப் பிடிக்க டேவிஸின் அரசு உத்தரவிட, 1861 ஏப்ரல் 12 அதிகாலையில் பீரங்கி வெடித்தது. இந்த நான்கு பேரும் என்ன முடிவெடுத்தார்கள் என்று சொல்லாத விடைக்கு நான் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போடுவதில்லை.