திருச்சியில் இருக்கும் கூடப்பிறந்தவரை முதன்முறையாகப் பார்க்கப் போகும் மலையகத்தவருக்கு

இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான பின்னர், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களில் ஒருவர் அக்கரைக்கும் மற்றவர் இக்கரைக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். என் அக்காவும் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்து, பின்னர் திருச்சியில் குடியேறியவர். அவருடைய வீட்டு வாசலில் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது எங்கள் இருவருக்கும் தலை நரைத்திருந்தது. இத்தனை காலம் தாமதித்ததற்குப் பணத்தைக் காட்டிலும் கடதாசி வேலைகள் பற்றிய பயமே காரணம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் பிறப்புச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்கள் கேட்டவர் காதில் விழுந்தபடி பதியப்பட்டவை. ஒன்றில் 'லெட்சுமி' என்றும் மற்றொன்றில் 'லக்ஷ்மி' என்றும் இருக்கும்; ஒன்றில் தந்தையின் பெயர் முன்னால் வரும், மற்றொன்றில் அது விடுபட்டிருக்கும்; பழைய அடையாள அட்டையில் பெயர் சிங்களத்தில் மட்டுமே இருக்கும். இவற்றில் வேறுபாடு இருந்தால் முதலில் உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு மாதக்கணக்கில் எடுக்கலாம் என்பதால், பயணத் திகதியைத் தீர்மானித்த பிறகு அல்ல, போகலாமா என்ற எண்ணம் தோன்றும்போதே இதைத் தொடங்குவது நல்லது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தைப் பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகாமல் கண்டியிலுள்ள பிராந்திய அலுவலகத்திலும் கொடுக்கலாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் படம் எடுத்து, அவர்கள் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்திய விசாவை இலங்கையர்கள் இணையவழியாகவே பெறலாம். அந்த மின்விசாவுடன் திருச்சி விமான நிலையத்தில் நேரடியாக இறங்கவும் முடியும். இந்திய அரசின் இணையத்தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதலாகப் பணம் பறிக்கும் என்பதால், விபரமறிந்த ஒரு பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். கூடப்பிறந்தவரின் பெயர், முழு முகவரி, கைபேசி எண் ஆகியவற்றை அவருடைய ஆதார் அட்டையில் உள்ளபடியே கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு நீங்கள் தம்பியாக இருக்கலாம். சட்டத்துக்கு நீங்கள் வெளிநாட்டவர்தான். என் அக்காவுக்கு இதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு வானில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போவதே பெரிய பயணம். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பாதை மூடப்படும் என்பதால் முதல் நாளே கீழே இறங்கி, நீர்கொழும்புப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிடுங்கள். நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் என் உறுதியான ஆலோசனை. இலங்கையிலிருந்து போகிறவர்கள் அணிந்திருக்கும் தங்கத்தைச் சுங்க அதிகாரிகள் துருவிப் பார்ப்பார்கள். பல வருடங்கள் கழித்துச் சந்திக்கும் முதல் மணி நேரத்தை ஒரு சங்கிலிக்காக விளக்கம் சொல்லிக் கழிக்க வேண்டாம். பணத்தை டொலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். நேரம் இரு நாட்டுக்கும் ஒன்றே. நமது சதுரமான மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது என்பதால் அடப்டர் ஒன்று தேவை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அந்தக் குளிருக்குப் பழகிய உடம்பு, சித்திரை வைகாசியில் 40 பாகையை எட்டும் திருச்சி வெயிலைத் தாங்காது. மார்கழியிலும் தையிலும் போங்கள். பிள்ளைகளுக்கும் அப்போது பாடசாலை விடுமுறை கிடைக்கும். ஸ்வெட்டர் வேண்டாம், பருத்தி உடுப்பே போதும்.

கொண்டுபோகும் பொருட்களில் முதலிடம் தேயிலைக்குத்தான். ஆனால் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். அங்கே தூள் தேயிலையைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடுவது வழக்கம். அக்காவும் நான் கொண்டுபோன பி.ஓ.பி.எப். என்னும் சிறு இலைத் தேயிலையை அப்படியே செய்தார். நிறம் வந்தது, மணம் வரவில்லை. மறுநாள் காலை நான் எழுந்து, தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, ஒரு சொம்பில் போட்ட இலையின்மேல் ஊற்றித் தட்டால் மூடி, நான்கு நிமிடம் கழித்து வடித்து, பால் சேர்க்காமல் கொடுத்தேன். குடிப்பதற்கு முன் டம்ளரை முகத்தருகே கொண்டுபோன அக்கா, "தம்பி, இது நம்ம இஸ்டோரு வாசம்" என்றார். இஸ்டோரு என்று நாங்கள் சொல்வது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை. அம்மா கொழுந்து நிறுக்கப் போகும்போது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போன நாட்களைப் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

திருச்சிக்குப் போய் ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் பார்க்காமல் வர முடியாது என்பது உண்மைதான். 1987 இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி உயரமானது. அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம். ஆயினும் நாளுக்கு மூன்று கோயில் என்று திட்டம் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு நாளை மட்டும் வெளியே போவதற்கு ஒதுக்குங்கள். இன்னொரு நாளைத் துறையூர், முசிறி, நாமக்கல் என்று உங்கள் பாட்டன் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்தாரோ, அந்த ஊருக்கு இருவரும் சேர்ந்து போவதற்கு வையுங்கள். மீதி நாட்கள் வீட்டுக்குரியவை.

அந்த நாட்களுக்காகவும் ஆயத்தம் வேண்டும். புறப்படும் முன் பழைய லயம், மாரியம்மன் கோயில், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களம், அப்பா அம்மாவைப் புதைத்த இடம் ஆகியவற்றைப் படமெடுத்து, கைபேசியில் மட்டும் வைக்காமல் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோங்கள். கண் மங்கியவர்கள் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். திரும்பி வருவதற்கு முன் ஒரு கொப்பியில் இரு கரையிலும் உள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவரின் பெயர், வயது, தொலைபேசி எண்களை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றை அக்காவின் மூத்த மகளிடமோ மகனிடமோ கொடுத்துவிட்டு, மற்றதைக் கைப்பையில் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.