முதல் 70.3-க்குத் தயாராகும் சென்னைக்காரர்கள் செய்யும் தவறுகள்

ஜூன் பிறந்தால் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) விடிகாலைச் சைக்கிள்கள் கூடிவிடும். பாதிப் பேர் அக்டோபர், நவம்பர் வாக்கில் கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 ட்ரையத்லான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மொத்தம் 113 கி.மீ., மைல் கணக்கில் 70.3. ஆட்கள் புதிது, தவறுகள் மட்டும் போன வருடத்து அதே தவறுகள். பந்தயத்தன்று புது ஷூ போடாதே, முந்தின ராத்திரி பிரியாணியை வெளுத்துக் கட்டாதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அவற்றை விட்டுவிடுவோம்.

குழுவின் வேகத்தைத் தன் வேகம் என்று நம்புவது

ஒரு முழு சீசனைக் கெடுக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமையே மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கி.மீ. 70.3-இன் சைக்கிள் தூரம் அப்படியே அமைந்துவிடுவதால் எல்லோரும் இதையே ஒத்திகையாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகப் போகிறார்கள். புதியவர் ஐந்தாவது ஆறாவது இடத்தில் ஒட்டிக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து ஸ்ட்ராவா செயலியைத் திறந்தால் சராசரி 32 என்று காட்டுகிறது. அன்றைக்கே பந்தயக் கணக்கு போட்டாயிற்று: 90 கி.மீ., மணிக்கு 32, அதாவது 2 மணி 49 நிமிடம்.

அந்த 32-இல் மூன்று பொய்கள் இருக்கின்றன.

ஒன்று, காற்று. சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. போகும்போது உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. முன்னால் நான்கு பேர் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் இருப்பவருக்கு உழைப்பு கால் பங்குக்கு மேல் மிச்சம். 70.3-இல் இந்தச் சலுகைக்கு இடமே இல்லை. முன்னால் போகிறவரின் முன்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே 12 மீட்டர் இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 25 விநாடியில் முந்தியாக வேண்டும். ஒட்டிக்கொண்டே போனால் நீல அட்டை, பெனால்டி கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

இரண்டு, காற்றின் திசை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பொதுவாகத் தென்மேற்குக் காற்று. தெற்கே போகும்போது அது எதிர்த்தும் பக்கவாட்டிலும் அடிக்கிறது, ஆனால் வரிசைக்குள் இருப்பவருக்கு அது உறைப்பதில்லை. திரும்பும்போது முதுகில் தள்ளுகிறது. வெயில் ஏறிக் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து புறப்பட்டால் அதுவும் சென்னைப் பக்கமே தள்ளும். கோவளத்திலிருந்து வீடு வரை பறந்து வந்ததுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது.

மூன்று, டீக்கடை. ஸ்ட்ராவா காட்டும் சராசரி, சக்கரம் உருண்ட நேரத்துக்கான சராசரி. மாமல்லபுரத்தில் இட்லிக்கு இருபது நிமிடம், சிக்னல்களில் பத்து நிமிடம், பஞ்சர் போட்ட நண்பருக்காக இன்னொரு பத்து நிமிடம். இதெல்லாம் கணக்கில் வராது, கால்கள் மட்டும் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். மொத்த நேரம் எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள்.

இனி இதற்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். ஒருவரின் உண்மையான தனி வேகம் மணிக்கு 28 என்று வைத்துக்கொள்வோம். அவர் 30-இல் ஓட்டினால் 90 கி.மீ.க்கு ஏறக்குறைய 13 நிமிடம் மிச்சமாகும். ஆனால் காற்றை எதிர்க்கும் உழைப்பு வேகத்தின் மூன்றாம் படியில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. 28-லிருந்து 30 என்பது வேகத்தில் 7 சதவீதம், காற்றுக்கு எதிரான உழைப்பில் 23 சதவீதம். அந்தக் கூடுதலை மூன்று மணி நேரம் கொடுத்தவர் ஓட்டத்தில் எட்டாவது, பத்தாவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பிக்கிறார். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடக்கூடியவர் கடைசிப் பத்தைப் பத்து நிமிட நடையில் முடித்தால் 35 நிமிடம் போச்சு. மிச்சம் பிடித்தது 13. பிறகு வந்து, "என் ரன்னிங் வீக், அடுத்த சீசன் ரன்னிங்கைக் கூட்டணும்" என்கிறார். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சைக்கிளில் தொலைத்ததை அடுத்த வருடமும் சைக்கிளிலேயே தொலைப்பார்.

சொந்த வேகம் தெரிய ஒரே வழி தனியாக ஓட்டிப் பார்ப்பது. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாள், பதினைந்து நிமிடம் வார்ம்-அப், பிறகு சிக்னல் இல்லாத நீட்சியில் 30 நிமிடம், கடைசி வரை ஒரே சீராகத் தாங்கக்கூடிய முழு வேகத்தில். கடைசி 20 நிமிடத்தின் சராசரி ஹார்ட் ரேட்தான் உங்கள் த்ரெஷோல்ட், அதாவது நெடுநேரம் தாங்கக்கூடிய உச்ச அளவு. முதல் 70.3-க்கு அதில் 80 முதல் 85 சதவீதம் போதும்; த்ரெஷோல்ட் 165 என்றால் 132 முதல் 140. பவர் மீட்டர் இருந்தால் 20 நிமிட முழு முயற்சியின் சராசரியை 0.95-ஆல் பெருக்குங்கள், அது எஃப்.டி.பி., ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச பவர். பந்தயத்தில் அதில் 70 முதல் 75 சதவீதம். 200 வாட்ஸ் என்றால் 140 முதல் 150. நீச்சலிலிருந்து வெளியே வந்ததும் ஹார்ட் ரேட் தானாகவே எகிறியிருக்கும், அது இறங்கும் வரை முதல் பத்துப் பதினைந்து கி.மீ. அடக்கி வாசியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 70 முதல் 90 கி.மீ. தனியாக, நிற்காமல், தண்ணீரும் சாப்பாடும் சைக்கிளிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். இறங்கியதும் ஷூ மாற்றி உடனே 30 நிமிடம் ஓடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் முதல் பத்து நிமிடத்தின் ஓட்ட வேகத்திலேயே வந்தால் சைக்கிள் வேகம் சரி. அதே வேகத்துக்கு இரண்டாம் பாதியில் ஹார்ட் ரேட் 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வேகம் அதிகம், அல்லது தண்ணீர் போதவில்லை. தனியாகப் போகிற நாளில் பின்பக்கச் சிவப்பு விளக்கு விடிந்த பிறகும் எரியட்டும், எந்த வழியில் போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

குழுவோடு போகவே கூடாது என்பதில்லை. பேச்சுத்துணை கிடைக்கும், சைக்கிளைக் கையாளக் கற்றுக்கொள்ளலாம். அந்தச் சராசரியைப் பந்தயத் திட்டத்தில் எழுதாமல் இருந்தால் போதும். இன்னொன்று, வரிசைக்குள் இருக்கும்போது ஏரோ பாரில் (குனிந்து ஓட்ட முன்னால் நீட்டியிருக்கும் கைப்பிடி) கை வைக்காதீர்கள். பிரேக் எட்டாது.

நீச்சல் குளத்தோடு நின்றுவிடுவது

25 மீட்டர் குளத்தில் 1.9 கி.மீ. என்றால் 76 நீளம். நடுவே 75 முறை சுவரை உதைக்கிறீர்கள். ஒவ்வொரு உதைக்கும் நான்கு மீட்டர் இலவசம் என்றால் மொத்தம் 300 மீட்டர் நீங்கள் நீந்தவே இல்லை. வேளச்சேரி மாதிரி 50 மீட்டர் குளத்தில் இது பாதியாகக் குறையும், கடலில் சுத்தமாக இருக்காது. கடலில் கீழே கறுப்புக் கோடும் கிடையாது. வளைந்து வளைந்து போய் 1.9 என்பது 2.1, 2.2 ஆகிவிடுவது சாதாரணம். நீச்சலுக்கான கட்-ஆஃப், அதாவது நேர வரம்பு, வழக்கமாக 1 மணி 10 நிமிடம். குளத்தில் 1.9-ஐ 55 நிமிடத்துக்குள் முடிக்க முடியாவிட்டால் கடலில் இழுபறிதான்.

ஆறு முதல் எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கி மிதவையைப் பார்க்கப் பழகுங்கள். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்து வேகம் போய்விடும். பார்த்ததும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு. இதைக் குளத்திலேயே பழகலாம், கடைசி லேனில் ஒரு தண்ணீர் பாட்டிலை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கத் தெரிய வேண்டும், அலை எந்தப் பக்கம் வரும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது.

வெட்சூட் (உடம்போடு ஒட்டிய, மிதக்க உதவும் ரப்பர் நீச்சல் உடை) வாங்காதீர்கள். தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் அதைப் போட்டுக்கொண்டு வயதுப்பிரிவுப் பரிசுக்குப் போட்டியிட முடியாது. கோவாக் கடல் அந்த மாதங்களில் அதைவிட நன்றாகவே சூடு. காலை மிதக்கவைக்க வெட்சூட் இருக்காது என்பதால், பயிற்சி முழுக்கத் தொடைநடுவே புல் பாய் (மிதவைத் துண்டு) வைத்து நீந்துகிறவர்களுக்குக் கடலில் கால் தொங்கும்.

சென்னைக் கடலில் தனியாக இறங்கவே கூடாது. இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை, கடல் தெரிந்த பயிற்சியாளர், கூட ஒருவர், மூன்றும் வேண்டும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று குப்பத்து மீனவரிடம் கேளுங்கள். இறங்காதே என்று அவர் சொன்னால் அன்றைக்கு ஓட்டப் பயிற்சி.

பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது

சைக்கிளில் மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைத்த பாட்டில் ஒன்றை நம்பிப் புறப்படுகிறார்கள். உப்புக்கு அது நல்லது, ஆனால் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். மூன்று மணி நேரத்தில் டாங்க் காலி. இளநீரிலும் இதே சிக்கல், தலைகீழாக: பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். வியர்வையில் போவது சோடியம்.

வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. கால் டீஸ்பூன் என்பது ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு, 600 மி.கி. சோடியம். மணிக்கு 800 மி.லி. குடித்தால் 48 கிராம், பாதி மோரிஸ் பழம் தின்றால் மிச்சமும் சரியாகிவிடும். எனர்ஜி ஜெல் என்றால் பாக்கெட்டுக்கு 22 முதல் 25 கிராம், கூடவே வெறும் தண்ணீர். ஜெல்லைச் சர்க்கரைத் தண்ணீரோடு விழுங்கினால் வயிறு பொருமும்.

எவ்வளவு வியர்க்கிறது என்று அளக்கத் தராசு போதும். வெறும் உடம்போடு எடை, ஒரு மணி நேர ஓட்டம், துடைத்துவிட்டு மறுபடி எடை. 72.0 கிலோ 71.1 ஆகி, நடுவே 400 மி.லி. குடித்திருந்தால் வியர்வை 1.3 லிட்டர். அதை முழுக்க ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பெரும்பாலோருக்கு மணிக்கு 600 முதல் 800 மி.லி.க்கு மேல் வயிறு ஒத்துழைக்காது. ஓடி முடித்து எடை கூடியிருந்தால் அது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது என்று பொருள். வெறும் தண்ணீரை மொடக்மொடக்கென்று குடிப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

எல்லா நாளும் பாதி வேகம்

மெதுவான நாளும் கடினமான நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் கரைந்துவிடுகின்றன. மெதுவான நாளில் பயிற்சியின் நடுவே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, குறையுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் பயிற்சி அளவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள்.

காய்ச்சலுக்குப் பின் விட்டதைப் பிடிப்பது

மழை தொடங்கும் மாதங்களில் வீட்டுக்கு ஒருவர் படுக்கிறார். டெங்குவோ வைரல் காய்ச்சலோ, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ஒன்றும் செய்யாதீர்கள். பிறகும் முதல் வாரம் மெதுவான அரைமணி நேரங்கள் மட்டும். விட்டுப்போன நீண்ட பயிற்சியை அடுத்த வாரத்தில் அடுக்கவே கூடாது. வைரஸ் இதயத்தசையைத் தாக்கியிருந்தால் கடும் பயிற்சியில்தான் அது வெடிக்கும். நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தால் அந்த சீசனை விட்டுவிடுங்கள்.

டேப்பர் (பந்தயத்துக்கு முன் பயிற்சியைக் குறைப்பது)

கடைசிப் பத்து நாளில் செய்வது எதுவும் உடம்பில் சேராது. தூங்குங்கள்.

சைக்கிளைப் பெட்டியில் போட்டு அனுப்புவது

பின்பக்க டிரெய்லியரை (கியர் மாற்றும் பாகம்) ஹேங்கரிலிருந்து (அதை ஃபிரேமோடு பிணைக்கும் துண்டு) கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமோடு கட்டுங்கள். கழற்றாவிட்டால் ஹேங்கர் வளையும், கியர் தாவும். உங்கள் ஃபிரேமுக்கான உதிரி ஹேங்கர் ஒன்று கையில் இருக்கட்டும், அந்நிய ஊரில் அது கிடைக்காது. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே ஸ்பேசர் செருகுங்கள். லீவரைத் தெரியாமல் அமுக்கினால் பிஸ்டன் நெருங்கிக்கொண்டு ரோட்டார் உள்ளே போகாது. சீட் உயரத்தை டேப்பால் குறித்து வையுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சிஓ2 சிலிண்டரைப் பொதுவாக விமானத்தில் விடமாட்டார்கள், போய் இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். டியூப் இரண்டு, உயரமான ரிம் என்றால் அதற்கேற்ற நீள வால்வோடு.

முந்தின நாளே சைக்கிளை டிரான்சிஷனில் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் பிறகு ஓட்டத்துக்கும் மாறும் இடம்) விட வேண்டியிருக்கும். வெயிலில் நிற்கும், அதனால் டயரில் காற்றைக் குறைத்துவிட்டு வந்து காலையில் அடியுங்கள்.

ஹெல்மெட்

கொக்கி மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும்.

டிரான்சிஷனில் இடம் தேடுவது

மிராமார் கடற்கரையில் நீச்சல் முடிந்து ஏறும் இடத்திலிருந்து உங்கள் சைக்கிள் நிற்கும் ரேக் வரை முந்தின நாள் ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனையாவது வரிசை, எந்தக் கம்பம், எந்த மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருக்கும் மஞ்சள் சைக்கிளை அடையாளம் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் சொந்தக்காரர் உங்களுக்கு முன்பே கரையேறியிருப்பார்.