கலாபகஸ் கடலில் இறங்குமுன்: சுழியோடிகள் செய்யும் தவறுகள்

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அத்தான், அளம்பில் கரையில் எங்கள் வாடிக்குள் பயணப் பையைக் கவிழ்த்தார். புதுக் காற்துடுப்பு, புதுக் கண்ணாடி, தண்ணீருக்குள் படம் பிடிக்கும் கமரா, 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு ரப்பர் உடுப்பு. அடுத்த மாதம் நாங்கள் இருவரும் கலாபகஸ் தீவுகளுக்குப் போகவிருந்தோம். இருபது ஆண்டு கடலட்டை குளித்த பெரியப்பா அந்த உடுப்பின் ஓரத்தை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"மருமகன், இது குளிருக்கா, படத்துக்கா?"

"மாமா, பூமத்தியரேகையிலேயே இருக்கிற தீவு அது. அங்கே என்ன குளிர்?" என்றார் அத்தான்.

வரைபடத்தைப் பார்த்து நீரை மதிப்பிடுவதுதான் முதல் தவறு. ஈக்குவடோர் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் மேற்கே, எரிமலைகள் கக்கி எழுப்பிய தீவுகள் இவை. தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிரைக் கொண்டுவருகிறது. மேற்கிலிருந்து குரொம்வெல் நீரோட்டம் ஆழத்திலேயே ஓடிவந்து, இசபெலா, பெர்னாண்டினா தீவுகளின் அடிவாரத்தில் மோதி மேலே கிளம்புகிறது. அந்தக் குளிர்நீரோடு வரும் சத்தில்தான் மிதவையுயிர்கள் பெருகி, மீன் பெருகி, சுறாவும் கூடுகிறது. குளிரும் நீரோட்டமும் வேண்டாம், சுறா மட்டும் வேண்டும் என்றால் அந்தக் கடலில் நடக்காது.

திருகோணமலைப் புறாத்தீவில் 28 பாகை நீரில் பழகியவருக்கு கலாபகஸின் 20 பாகை என்பது வெறும் எண். இசபெலாவின் புன்டா விசென்டே ரோக்காவில் பெரிய சூரிய மீன் பார்க்க இறங்கினால் 16 பாகை வரையும் போகும். அதிலும், மேலே இதமாக இருந்த நீர், ஒரு கோடு கிழித்தாற்போல் கீழே சட்டென்று குளிரும். 7 மில்லிமீற்றர் உடுப்பும் தலைமூடியும் வேண்டும். கப்பலில் வாடகைக்கு எடுக்கலாம் என்று போன எங்களுக்குக் கிடைத்தது, அத்தானுக்குத் தொளதொளத்த ஒன்றும் எனக்கு மூச்சு முட்டிய ஒன்றும். அளவான உடுப்பை இங்கிருந்தே கொண்டு போங்கள்.

தடித்த உடுப்பு, உடலைத் தாழ்த்தக் கட்டிக்கொள்ளும் ஈயத்தின் கணக்கையும் மாற்றிவிடும். ரப்பர் மிதக்கும், பழைய அளவு ஈயத்தோடு இறங்கினால், கடைசியில் சிலிண்டர் இலேசாகும் நேரத்தில் 5 மீற்றரில் நின்று ஓய்வெடுக்க முடியாமல் மேலே தூக்கிவிடும். முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் சோதனைக்கு இறக்குவார்கள். அதைப் பயணக் களைப்பில் தவிர்க்கிறவர்கள் உண்டு. ஈயத்தைச் சரிபார்க்க வேறு நாள் கிடையாது.

எந்த மாதம் நல்லது என்று கேட்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. முல்லைத்தீவில் வாடைக்காற்றுக் காலத்துக் கடலையும் சோழகக் காலத்துக் கடலையும் யாரும் ஒன்றாகப் பேசமாட்டார்கள். அங்கேயும் இரண்டு கடல். டிசம்பர் முதல் மே வரை நீர் சூடு, அலை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை குளிர், மூடிய வானம், தூறல், குலுங்கும் கடல். ஆனால் திமிங்கிலச் சுறா, பெரும்பாலும் மிகப் பெரிய பெண் சுறா, வடக்கே வருவது இந்தக் குளிர்காலத்தில்தான். எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு மாதத்தைக் கேளுங்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டென்றால் இந்தக் கணக்கு முழுவதும் குழம்பும்.

பணத்தைக் கொட்டிவிட்டு அழுகிறவர்கள் செய்த தவறு வேறு. சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் திரளும் படங்களைப் பார்த்துவிட்டு, சான்டா குரூஸ் தீவில் விடுதி எடுத்துவிடுகிறார்கள். அந்தப் படங்கள் பெரும்பாலும் டார்வின், வொல்ஃப் என்ற வடகோடித் தீவுகளில் எடுத்தவை. அங்கே போக, தங்கிச் சுழியோடும் கப்பலில் இடம் பிடித்து, ஓர் இரவு முழுவதும் ஓட வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் படகு கிடையாது. விடுதியில் தங்குகிறவருக்கு கோர்டன் பாறைகளும் சான் கிறிஸ்டோபல் பக்கத்துக் கிக்கர் பாறையும் உண்டு. அவையும் சாதாரண இடங்கள் அல்ல. கோர்டனுக்குச் சுழியோடிகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'சலவை இயந்திரம்'. டார்வின் வளைவு என்று பெயர் பெற்ற கடற்பாறை 2021 மே மாதம் இடிந்து விழுந்து, இப்போது இரண்டு தூண்கள்தான் நிற்கின்றன. இன்னும் வளைவைப் போட்டே விளம்பரம் செய்கிறவர்களிடம், மற்றவற்றையும் இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர் கப்பலுக்கு முற்பணம் கட்டுமுன் விசாவைப் பார்க்க வேண்டும். 2024 ஓகஸ்ட் முதல் வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 அமெரிக்க டொலர்.

இனி நீரோட்டம். ரப்பர் படகின் ஓரத்தில் எல்லோரும் முதுகு காட்டி உட்கார்ந்து, வழிகாட்டி மூன்று எண்ணியதும் ஒன்றாக மல்லாந்து விழ வேண்டும். மிதப்புச் சட்டையில் காற்றே இருக்கக் கூடாது. விழுந்த வேகத்திலேயே கீழே போக வேண்டும். அத்தான் பழக்கதோஷத்தில் சட்டையை ஊதிக்கொண்டு விழுந்தார். மேலே மிதந்தபடி கமராக் கயிற்றைச் சரிசெய்து நிமிர்ந்தபோது பாறை நாற்பது மீற்றர் தள்ளிப் போயிருந்தது. நாங்கள் கீழே பாறையைப் பிடித்துக்கொண்டு சுறா பார்த்தோம். அவர் படகிலிருந்து எங்கள் குமிழிகளைப் பார்த்தார்.

இறங்கியபின் நீந்தக் கூடாது. கேட்க விசித்திரமாக இருக்கும். புறாத்தீவில் எதையும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொல்வார்கள். இங்கே வழிகாட்டியே கையுறை போடச் சொல்கிறார். எரிமலைப் பாறையில் கொட்டலசு அப்பியிருக்கும், வெறுங்கையைக் கிழித்துவிடும். உயிர் ஒட்டாத பாறை விளிம்பைப் பார்த்துப் பிடித்து, உடலைத் தாழ்த்தி, மூச்சை மெதுவாக விட்டால் கொம்பன்கள் தாமாகவே அருகில் வரும். அவற்றுக்குக் குமிழிச் சத்தம் பிடிக்காது. கமராவை நீட்டிக்கொண்டு ஒருவர் துரத்தினால் கூட்டம் கலைந்துவிடும், கூடவந்த அத்தனை பேருக்கும் அன்றைய சிலிண்டர் வீண்.

சில மூலைகளில் நீர் கீழ்நோக்கி இழுக்கும். அப்போது நேராக மேலே உதைப்பது வீண்வேலை, மூச்சுத்தான் தீரும். பக்கவாட்டில் அந்த ஓட்டத்தைக் கடந்து வெளியே வர வேண்டும். ஊதி எழுப்பும் குறிமிதவை இல்லாமல் இறங்கவே வேண்டாம். குலுங்கும் அலைக்கு நடுவே கறுப்புத் தலைமூடி போட்ட ஒரு தலையைப் படகோட்டியால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

பவளத் தோட்டம் எதிர்பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி: இங்கே கறுத்த பாறையும் கலங்கிய நீரும்தான், இருந்த பவளத்தில் பெரும்பங்கு 1982-83 எல் நினோவில் மடிந்தது.

பெரியப்பா அதிகம் கேட்டது வேறொன்றைப் பற்றி. "ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர்?" நான்கு வரை என்றதும் அவர் தன் இடது காலைத் தடவிக்கொண்டார். அந்தக் காலில் இன்றைக்கும் பாதி உணர்வுதான். அட்டைக்குப் போன காலத்தில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக்கணினியும் இல்லை, கணக்கும் இல்லை. சிலிண்டர் தீர்ந்தால் மேலே, அடுத்ததைக் கட்டிக்கொண்டு கீழே. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரசன், விரைந்து மேலே வந்தால் குமிழியாகி இரத்தக் குழாயை அடைத்து நரம்பைக் கெடுக்கும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்க வேண்டும் என்பதைச் சான்றிதழ் வைத்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள்.

மலையைத்தான் மறந்துவிடுகிறார்கள். சுழியோடியபின் உயரத்துக்குப் போனாலும் அதே குமிழி உண்டாகும். பல முறை இறங்கியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணிநேரம் பொறுக்க வேண்டும், தீவுகளுக்கிடையே பறக்கும் சிறு விமானத்துக்கும் இது பொருந்தும். காலையில் சுழியோடிவிட்டு மாலையில் இசபெலாவின் சியரா நெக்ரா எரிமலை விளிம்புக்குப் போகிறவர்கள் 1,000 மீற்றருக்கு மேல் ஏறுகிறார்கள். உடலுக்கு அதுவும் ஒரு பறப்புத்தான். வன்னியில் மேடு என்றால் குளக்கட்டு. அதனால் எங்களுக்கு இந்த எண்ணமே வராது. நானும் வாகனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன், கப்பல் வழிகாட்டி வந்து இறக்கிவிட்டார்.

திரும்பி வந்து அத்தான் எடுத்த படத்தை வாடியில் போட்டுக் காட்டினோம். சுறா கொஞ்சம்தான், குமிழி நிறைய. பெரியப்பா ஓரிடத்தில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். திரையில் என் மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் பாறையோரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

"இதைக் கண்ட பிறகும் நீ ஏன் அங்கே நின்றாய்?" என்று என்னைக் கேட்டார்.