மீன்களின் எதிர்ப்பு மரபணுக்களில் இயற்கைத் தேர்வைத் தேடுவோர் சறுக்கும் இடங்கள்

நோய்க்கிருமியின் புரதத் துணுக்கை டி செல்களுக்கு (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களுக்கு) காட்டும் மூலக்கூறுகளை உருவாக்குபவை எம்.எச்.சி. மரபணுக்கள். காட்டு மீன்களில் இவற்றுக்கு ஏராளமான அல்லீல்கள், அதாவது ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள், உண்டு. அந்தப் பன்மையைக் கண்டவுடனே 'இயற்கைத் தேர்வு' என்று எழுதிவிடுகிறார்கள். பாதி நேரம் அது ஆய்வகத்திலேயே பிறந்த பன்மை.

டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாகப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரில் முழுதாக நீளாத இழை, அடுத்த சுற்றில் வேறோர் அல்லீலின் மேல் ஒட்டிக்கொண்டு வளரும். முன்பாதி ஒன்று, பின்பாதி மற்றொன்று என எந்த மீனிலும் இல்லாத ஒரு கலப்பு வரிசை கிடைக்கும். சுற்றுகள் கூடக் கூட இது பெருகும். 35 சுற்று ஓட்டாமல் 25–28க்குள் நிறுத்துங்கள். நீட்சி நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு தனித்தனி பி.சி.ஆர். செய்து, இரண்டிலும் வந்த வரிசையை மட்டும் ஏற்பது நல்ல வழக்கம். ஆனால் அது மட்டும் போதாது, ஒரே கலப்பு இரண்டிலும் வரலாம். அதே மீனில் அதிகமாகக் கிடைத்த இரு வரிசைகளை ஒட்டினால் இது வருகிறதா என்றும் பாருங்கள்.

பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமர் ஒட்டாத அல்லீல் கண்ணில் படாது. இரு வேறு அல்லீல் கொண்ட மீன் ஒரே அல்லீல் உடையதாகத் தெரியும். ஸ்டிக்கிள்பேக் மீனில் இரண்டாம் வகுப்பு எம்.எச்.சி. மரபணுவின் பிரதிகளின் எண்ணிக்கை மீனுக்கு மீன் மாறும். அங்கே ஹெட்டிரோசைகோசிட்டி (ஒரு மரபணுவில் இரு வேறு அல்லீல் இருக்கும் வாய்ப்பு) கணக்கிடுவதில் பொருளில்லை, மீனுக்கு எத்தனை அல்லீல் என்றே எண்ண வேண்டும். அட்லாண்டிக் காட் மீனிலோ இரண்டாம் வகுப்பே கிடையாது. 2011இல் மரபணுத்தொகுதி வெளியானபோது தெரிந்தது இது. அங்கே பிரைமரை மாற்றி மாற்றிப் பயனில்லை.

கூட்டங்களுக்கிடையே உள்ள மரபு வேறுபாட்டை அளக்கும் எஃப்.எஸ்.டி. ஒப்பீட்டில் நடக்கும் பிழை இன்னும் ஆபத்தானது. இரண்டு ஏரிகள், ஒவ்வொன்றிலும் ஹெட்டிரோசைகோசிட்டி 0.9, பொதுவான அல்லீல் ஒன்றுகூட இல்லை என்று வையுங்கள். மொத்தத்தில் 0.95 வரும், (0.95 − 0.9) ÷ 0.95 = 0.053. முற்றிலும் வேறான இரு கூட்டங்களுக்கு இவ்வளவு சிறிய எண்! இதை நடுநிலை (தேர்வுக்கு உட்படாத) எஸ்.என்.பி.கள், அதாவது ஓரெழுத்து டி.என்.ஏ. வேறுபாடுகள், தரும் மதிப்போடு ஒப்பிட்டு, 'பல அல்லீல்களையும் நிலைக்க வைக்கும் சமநிலைத் தேர்வு வேறுபாட்டைக் குறைத்திருக்கிறது' என்பது தவறு. அல்லீல்கள் எவ்வளவு வேறானவை என்பதை அளக்கும் ஜோஸ்டின் (Jost) டி அளவை இதே தரவுக்கு 1 தரும். அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

புரதத்தை மாற்றும் டி.என்.ஏ. மாற்றங்களை மாற்றாதவற்றோடு ஒப்பிடும் டி.என்./டி.எஸ். விகிதம் 1ஐத் தாண்டினால் அது பழைய தேர்வின் தடயம். இந்தத் தலைமுறையில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

மாதிரி எடுக்கும்போது ஆற்றின் ஒரே மடுவில் குஞ்சுகளை அள்ளாதீர்கள், பெரும்பாலும் உடன்பிறப்புகளே சிக்கும். ஒட்டுண்ணி மிகுந்த மீன்கள் வலைக்கு வருமுன்பே செத்திருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ஒரே வயதுக் கூட்டத்தை நோய்க்காலத்துக்கு முன்னும் பின்னும் பிடித்து, எந்த அல்லீல் குறைந்தது என்று பாருங்கள். நடுநிலைக் குறிப்பான்களிலும் அதே அளவு மாற்றம் தெரிந்தால் அது வெறும் மரபணு நகர்வு, அதாவது தற்செயல் மாற்றம்.